இரு கடலுக்கிடையே ஒரு பகல்

எமது தீவின் வடபாகத்தை வரைபடத்தில் நோக்குவோர், மேற்குக் கரையில் மன்னாரையும் கிழக்குக் கரையில் திருகோணமலையையும் காண்பர். முன்னையதன் அருகே பாலாவிக் கரையில் திருக்கேதீச்சரம் விளங்குகின்றது. பின்னையதன் மலையுச்சியில் திருக்கோணேச்சரம் விளங்குகின்றது. தேவாரப் பதிகம் பெற்ற ஈழத்துத் தலங்கள் இவ்விரண்டுமே. இரண்டையும் தரிசித்தவர் எம்மிடையே பல்லாயிரவர். ஆனால் இரண்டுக்கும் இடையே கிடக்கும் நிலத்தைக் கண்ணாரக் கண்டவர் எத்தனை பேர்? பேருந்தில் ஏறி அமர்ந்தவுடன் கண் அயர்கின்றோம். வவுனியாவில் இறங்கி ஒரு கோப்பை தேநீர் அருந்துகின்றோம். மீண்டும் கண் அயர்ந்து, இறங்கவேண்டிய இடத்தில் இறங்குகின்றோம். நாட்டின் குறுக்கே போய்வந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாமேயன்றி, நாட்டைப் பார்த்தோம் என்று சொல்ல இயலாது.

இக்குறையைத் தீர்த்துக்கொள்ள விரும்பிய நாம் பன்னிருவர், ஜூலை மாதத்துப் போயா விடுமுறை நாளொன்றில், மன்னார்க் கடற்கரையிலிருந்து திருகோணமலைக் கடற்கரை வரை ஒரே பகலில் துவிச்சக்கரவண்டியிற் செல்வதெனத் துணிந்தோம். முருங்கன், வவுனியா, கெப்பித்திக்கொல்லாவ, ஹொரவப்பொத்தானை என்னும் ஊர்களினூடாகச் செல்லும் இவ்வழியின் தூரம் ஏறக்குறைய 175 கிலோமீற்றர். எம்முள் மூத்தவர் 60 வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இளையவர் உயர்தர வகுப்பு மாணவர். மூவர் பெண்கள். ஒருவரேனும் பந்தய வீரர் அல்லர்.

கோடையில் ஏன்?

“வெயில் கொளுத்தும் மாதத்தில் ஏன் இந்த வேண்டாத வேலை?” என்று வீட்டுப் பெரியோர் வினவினர். அதற்கு விடை காற்றில் இருக்கின்றது. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை எமது தீவின் மீது தென்மேற்குப் பருவக்காற்று வீசும். மலைநாட்டின் மேற்குச் சரிவுக்கும் தென்மேற்குக் கரைக்கும் மழை கொடுக்கும் அக்காற்று, வடக்கிலும் கிழக்கிலும் உலர்ந்த வெங்காற்றாகவே வந்து சேரும். யாழ்ப்பாணத்தார் அதனைச் சோளகம் என்பர். கிழக்கிலங்கையார் கச்சான் என்பர். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ காற்றாலைத் தொகுதியின் 30 காற்றாலைகள் அங்கு நிறுவப்பட்டமைக்கு அப்பகுதிக் காற்றின் வலிமையே காரணம்.

இக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே செல்வோரின் முதுகைத் தள்ளும். கிழக்கிலிருந்து மேற்கே வருவோரின் மார்பில் மோதும். ஆகவே கோடையில் மன்னாரிலிருந்து திருகோணமலைக்குச் செல்லலாம். அதே நாளில் திருகோணமலையிலிருந்து மன்னாருக்கு வர எண்ணுதல் ஆகாது. பாய்க்கப்பல் ஓட்டிய முன்னோரைப் போலவே துவிச்சக்கரவண்டி ஓட்டுவோரும் காற்றைப் பார்த்தே நாளைக் குறிக்கவேண்டும்.

போயா நாளைத் தெரிந்துகொண்டமைக்கு விடுமுறை மட்டும் காரணமன்று. வெயிலை வெல்லவேண்டுமாயின் விடியுமுன் வெகுதூரம் சென்றுவிடவேண்டும். பௌர்ணமியன்று விடியும் வரை நிலவு வானில் இருக்கும்.

நிலவொளியிற் புறப்பாடு

அதிகாலை 4 மணிக்கு மன்னார்க் கோட்டையருகே கூடினோம். 1560 இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டையின் மதில் நிலவில் வெளுத்துத் தோன்றியது. மன்னாருக்கே உரிய கழுதைகள் வீதியின் நடுவே நின்றபடி துயின்றுகொண்டிருந்தன. மணியை அடித்தும் அவை அசையவில்லை. நாமே வளைந்து சென்றோம்.

புறப்படுமுன் மூத்த ஆசிரியர் கூட்டப் பயணத்தின் விதிகளை எடுத்துரைத்தார். ஒருவர் பின் ஒருவராக ஒரே வரிசையில் செல்லவேண்டும். முன்னே செல்பவர் கால் மணிக்கொருமுறை மாறவேண்டும். குழியையும் கல்லையும் எதிர்வரும் வாகனத்தையும் முதலிற் கண்டு குரல் கொடுக்கும் பொறுப்பு அவருடையதாதலின், களைத்த கண்ணோடு அப்பணியைச் செய்தல் கூடாது. வலிமை மிக்கவர் வரிசையின் கடைசியில் வரவேண்டும். எவரேனும் பின்தங்கினால் துணைநிற்றல் அவர் கடமை. நான்காவது விதியே முதன்மையானது. வேகத்தை நிர்ணயிக்கும் உரிமை எல்லாரிலும் மெதுவாகச் செல்பவருக்கே உரியது. “கெட்டிக்காரர் முன்னே பறந்து போய்விட்டால் அது கூட்டமல்ல, ஒரே றோட்டிலே போகிற பன்னிரண்டு பேர், அவ்வளவுதான்” என்றார் அவர். அவ்விதிக்கு நண்பகலில் ஒரு சோதனை வரப்போகின்றதென்பதை அப்பொழுது எவரும் அறிந்திலோம்.

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் கடல்வீதியில் இருபுறமும் நீர் மின்னியது. இவ்விடத்துப் பழைய பாலம் 1990 இல் போரில் தகர்க்கப்பட்டது. இன்றுள்ள பாலம் 2010 இல் திறக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த இருபது ஆண்டுகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. பாலத்தைக் கடக்கையில் திரும்பிப் பார்த்தோம். நிலவு மேல்கடலை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தது. எமது நிழல்கள் எமக்கு முன்னே நீண்டு ஓடின.

குளமும் வயலும்

உயிலங்குளம் கடந்து முருங்கனை நெருங்குகையில் கிழக்கு வெளுத்தது. இங்கே வீதிக்கு அண்மையில் கட்டுக்கரைக் குளம் கிடக்கின்றது. ஆங்கிலேயர் இதனை இராட்சதக் குளம் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர், அப்பெயர் மிகையன்று. அணைக்கட்டின் மேல் ஏறி நின்றபொழுது, கோடையில் வற்றிச் சுருங்கிய நிலையிலும், மறுகரை புகைபோல மங்கித் தோன்றியது. கூழைக்கடாக்களும் நாரைகளும் சேற்றோரத்தில் நின்றன. 5 ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்ததாகக் கூறப்படும் இக்குளத்துக்கு, அருவியாற்று நீரைத் ‘தேக்கம்’ என்னும் அணையில் மறித்துக் கால்வாய் வழியே கொண்டுவருகின்றனர். மன்னார் மாவட்டத்தின் நெற்களஞ்சியம் இக்குளத்தை நம்பியிருக்கின்றது.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அருவியாறு என்று நாம் அழைக்கும் இந்த ஆறே அநுராதபுரத்தின் அருகே மல்வத்து ஓயா என்னும் பெயரோடு ஓடுகின்றது. அங்கே பெய்த மழையே இங்கே நெல்லாகின்றது. ஆற்றுக்குப் பெயர் இரண்டு, நீர் ஒன்று.

கோடையிற் செல்வோர்க்கு நீரின் அருமை வயலிலேயே தெரியும். காலபோகத்தில் மழையை நம்பி எங்கணும் விதைத்த நிலம், சிறுபோகத்தில் குளத்து நீர் எட்டும் அளவுக்கே பச்சையாக இருக்கும். ஒரு வரம்பின் இப்பால் பயிர் தலையசைக்கின்றது. அப்பால் வைக்கோற்கட்டையும் வெடித்த மண்ணும். குளத்தில் இருக்கும் நீரை அளந்து, எவ்வளவு நிலம் விதைக்கலாம் என்று கமக்காரர் கூடித் தீர்மானித்த கோடு அது. பேருந்தில் விரைவோருக்கு அவ்வரம்பு தென்படாது. துவிச்சக்கரவண்டியின் வேகம் அதைக் காட்டுகின்றது.

மடுச் சந்தியருகே, கரியரில் பாயும் பாத்திரமும் கட்டியபடி சென்ற யாத்திரிகர் சிலரைக் கண்டோம். ஜூலை 2 ஆம் திகதி ஆடித் திருவிழாவும், ஆகஸ்ட் 15 ஆம் திகதி ஆவணித் திருவிழாவும் மடுமாதாவின் சந்நிதியில் நிகழ்வன. தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வந்து கூடும் காடு அது. அருகே செல்லும் தலைமன்னார் இருப்புப்பாதை 1990 இல் நின்றுபோயிற்று. 2013 இல் மடு வரையும், 2015 இல் தலைமன்னார் வரையும் புகைவண்டி மீண்டும் ஓடியது.

வண்டியின் கதை

பறயனாலங்குளத்தில் மதவாச்சி வீதியை விட்டு வவுனியா வீதியிற் திரும்பினோம். வெயில் ஏறத் தொடங்கிற்று. இருபுறமும் பற்றைக்காடு, இடையிடையே புதிதாய் எழுந்த சிறு வீடுகள். இப்பிரிவுக்குட்பட்ட செட்டிகுளப் பகுதியில், 2009 இல் போரின் முடிவில் வெளியேறிய இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் ‘மெனிக் பாம்’ முகாம்களில் அடைபட்டிருந்தனர். இறுதி முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. எம்மோடு வந்த பெண்களுள் ஒருவர், அப்பொழுது ஒன்பது வயதுச் சிறுமியாக அங்கு இருந்தவர். அவ்விடத்தை அண்மித்தபொழுது எதுவும் சொல்லாது, வரிசையின் முன்னே சென்று, தம் முறை முடிந்தபின்னும் மாறாமல் அரைமணி நேரம் எம்மை இழுத்துச் சென்றார். எவரும் மாறச் சொல்லவில்லை.

துவிச்சக்கரவண்டி எமக்கு விளையாட்டுப் பொருளாய் வந்ததன்று. 1990 முதல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்ட ஆண்டுகளில் பழைய ‘றலி’ வண்டிகளே குடும்பங்களைச் சுமந்தன. நோயாளியும் நெல்மூடையும் விறகும் மணமகளும் அதன் கரியரிலேயே சென்றனர். மின்சாரம் இல்லாத இரவுகளில் வண்டியைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோர் இன்றும் எம்மிடையே உளர். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஊரை விட்டு நடந்த இரவிலும், மழையில் தள்ளிச் செல்லப்பட்டவை அந்த வண்டிகளே. மீண்டும் 2022 இல் நாடெங்கும் எரிபொருள் வரிசைகள் நீண்டபொழுது, கொழும்பிலுள்ளோரும் துவிச்சக்கரவண்டியைத் தேடினர். வேண்டா வெறுப்பாய்த் தள்ளிய வண்டியை விரும்பி ஏறி, எவரிடமும் அனுமதிச்சீட்டுக் காட்டாது நாட்டைக் கடப்பது மூத்தவர்களுக்குப் புதுமையாகவே இருந்தது.

பூவரசங்குளம் கடந்து, காலை 9 மணிக்குச் சற்றுப் பின்னர் வவுனியாவை அடைந்தோம். இடியப்பமும் சொதியும் சம்பலும் உண்டோம். நிலத்தின் உயரமான பகுதி இதுவே. ஆயினும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீற்றர்தான். இதற்கு மேற்கே வீழும் மழை மன்னார்க் கடலையும், கிழக்கே வீழும் மழை திருகோணமலைப் பக்கத்துக் கடலையும் நாடும். இது முதல் நாமும் கீழ்க்கடலுக்குரியவர் ஆனோம்.

குளம் என்றாலும் வெவ என்றாலும்

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வீதியிற் செல்கையில் ஊர்ப்பெயர்கள் மெல்ல மாறுகின்றன. காலையில் நாம் கடந்த ஊர்கள் உயிலங்குளம், பறயனாலங்குளம், பூவரசங்குளம் எனக் குளத்தில் முடிந்தன. இனி வருவன ‘வெவ’ என்று முடிவன. வெவ என்றாலும் குளமே. ஆறு இல்லாத இடத்தில் மழையைக் கட்டிவைத்தே இந்நிலத்து மக்கள் வாழ்ந்தனர். ஆகவே ஊருக்குப் பெயரிட வேறு சொல்லை அவர்கள் தேடவில்லை. மேட்டிலுள்ள சிறுகுளத்தின் மிகுநீர் அடுத்த குளத்துக்கும், அதன் மிகுநீர் அதற்கடுத்த குளத்துக்கும் இறங்குமாறு தொடராக அமைக்கப்பட்ட இக்குளங்களை, உலக உணவு விவசாய நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. மேலே உள்ளவன் மறித்துக்கொண்டால் கீழே உள்ளவனுக்கு இல்லை. கீழே உள்ளவன் கட்டை உடைத்தால் மேலே உள்ளவனுக்கும் பயனில்லை. இத்தொடரில் தனிக்குளம் என்று ஒன்றில்லை.

வெண்ணிற ஆடையணிந்து, கையில் தாமரை மொட்டுகளோடு விகாரைக்குச் சென்றோரும் திரும்பியோரும் வழிநெடுகக் கையசைத்தனர். கெப்பித்திக்கொல்லாவப் பகுதியும் போரின் வடுவைத் தாங்கியதே. 2006 ஜூன் 15 ஆம் திகதி பயணிகள் பேருந்தொன்று கண்ணிவெடிக்கு இலக்காகி, குழந்தைகள் உட்பட 60 க்கும் மேற்பட்ட கிராமத்தவர் இப்பகுதியில் மாண்டனர். காலையில் முகாம் இருந்த நிலத்தைக் கடந்த நாம், நண்பகலில் இந்நிலத்தையும் கடந்தோம். இரண்டுக்கும் இடையே துவிச்சக்கரவண்டியில் சில மணி நேரத் தூரமே.

ஒரு குவளை நீர்

மணி 11.30. தார்வீதி கானலில் நெளிந்தது. வரிசையின் நடுவிலிருந்த இளைய மாணவரின் வண்டி தள்ளாடிற்று. இறங்கியவர் நிற்கமாட்டாது வீதியோரத்தில் அமர்ந்துவிட்டார். கெண்டைக்கால் தசை கல்லாய் இறுகியிருந்தது. தலை சுற்றுவதாகச் சொன்னார். ஆசிரியர் அவருடைய நெற்றியையும் கழுத்தையும் தொட்டுப் பார்த்தார். வியர்வை நிற்கவில்லை; பேச்சுத் தெளிவாகவே இருந்தது. வியர்வை நின்று, தோல் சூடேறி, பேச்சுக் குழம்பினால் அது உயிராபத்து. உடனே உடலை நனைத்து மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். இது அந்நிலையன்று. நிழலும் நீரும் உப்பும் ஓய்வுமே வேண்டியிருந்தன.

எம்மிடமிருந்த நீரோ வற்றிவிட்டது. அருகே ஒரு மண்வீடு, முற்றத்தில் கட்டுக்கிணறு. அநுராதபுரத்தில் பணியாற்றிச் சிங்களம் பயின்ற நண்பர், திண்ணையிலிருந்த முதியவரை “மாமே” என்று விளித்து நீர் கேட்டார். வெள்ளுடையிலிருந்த அம்முதியவர் எழுந்து வந்து, மாணவரை நோக்கி, பாயை விரித்துப் படுக்கவைத்தார். எம்முள் ஒருவர் கிணற்றுக் கயிற்றைப் பற்றியதும் அவர் பதறித் தடுத்தார். “தலையில் ஊற்றுங்கள், குடிக்காதீர்கள்” என்றார்.

வடமத்திய மாகாணத்தில் 1990 களின் நடுப்பகுதி முதல் இனங்காணப்பட்ட நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றி வாசகர் அறிந்திருப்பர். வயலில் உழைக்கும் குடும்பங்களையே அது பெரிதும் தாக்குகின்றது. நிலத்தடி நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீர் அருந்தாது உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டும் முடிந்த முடிபு எட்டப்படவில்லை. ஆகையால் ஊரார் பலர், கிராமங்களில் அமைக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து குடிநீரை எடுத்து வருகின்றனர். அம்முதியவரின் சகோதரர் அந்நோயால் இறந்தவர். வீட்டின் உள்ளிருந்து அவர் தூக்கி வந்தது, அன்று காலை தம் துவிச்சக்கரவண்டியின் கரியரில் கட்டி எடுத்து வந்த 20 லீற்றர்க் கலம். அவ்வீட்டுக்கு அன்றைக்கும் மறுநாளைக்கும் உரிய நீர் அது. பன்னிருவரின் போத்தல்களையும் அவர் தம் கையாலேயே நிரப்பினார். உப்பும் தேசிக்காயும் அவர் மனைவி கொணர்ந்தார். மாணவர் சிறிது சிறிதாக அருந்தினார்.

இப்பொழுது நான்காம் விதிக்குச் சோதனை வந்தது. ஹொரவப்பொத்தானைக்கு அப்பாலுள்ள காட்டுவழியை மாலை 5 மணிக்குள் கடக்காவிடில் யானைகளின் நேரம் வந்துவிடும். மாணவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டு ஏனையோர் செல்லலாம் என்றனர் சிலர். இருவர் அவரோடு தங்க, மற்றையோர் முன்னே போகலாம் என்றனர் வேறு சிலர். “என்னைப் பஸ்ஸிலை ஏத்திப்போடாதையுங்கோ, மாஸ்டர்” என்று பாயிற் கிடந்தவர் மன்றாடினார். “தம்பி, நீர் பேசாமல் படும்” என்ற ஆசிரியர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இரண்டு மணிக்கு எழும்பி நடக்கட்டும். தலை சுற்றினால் எல்லாரும் பஸ்ஸில் போவம். சுற்றாவிட்டால் எல்லாரும் சைக்கிளில் போவம். எல்லாரும் என்பதில் மாற்றமில்லை” என்றார்.

இரண்டு மணி வரை வேம்பின் நிழலிற் கிடந்தோம். முதியவரின் துவிச்சக்கரவண்டி சுவரோரம் நின்றது. அதன் பின்சில்லின் ரியூப்பில் ஒட்டுக்குமேல் ஒட்டு. எட்டு ஒட்டுகள் எண்ணினோம். இரண்டு கிலோமீற்றர் தூரம் நீர் சுமக்கும் வண்டி அது. நீருக்குப் பணம் நீட்டியபொழுது வாங்க மறுத்தவர், எமது உதிரி ரியூப்புகள் இரண்டனுள் ஒன்றை எடுத்து அவ்வண்டிக்கு மாற்றியபொழுது தடுக்கவில்லை. காற்றடித்து முடிந்ததும் சில்லைச் சுழற்றிப் பார்த்துச் சிரித்தார். அளவு பொருந்தியது. 

மாணவர் எழுந்தார், முற்றத்தைச் சுற்றி இருமுறை நடந்தார். தலை சுற்றவில்லை. அவரை வரிசையில் இரண்டாம் இடத்தில் நிறுத்தி, அவர் மிதிக்கும் வேகமே எமது வேகமாகப் புறப்பட்டோம்.

மாலையும் யானையும்

இனிச் சோளகம் எமது துணை. பிற்பகலில் வலுத்த காற்று முதுகைத் தள்ள, குறைந்த உழைப்பில் வண்டிகள் ஓடின. ஹொரவப்பொத்தானையில் முஸ்லிம் அன்பர் ஒருவரின் கடையில் வெறுந்தேநீரும் பனங்கட்டித் துண்டும். பனங்கட்டி நாம் கொண்டு சென்றது. கடைக்காரர் அதனைச் சுவைத்து, இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கினார். “நேரம் போகிறது, முதலிக்குளத்தில் நிற்காமல் போங்கள்” என்று எச்சரித்தும் அனுப்பினார்.

யான் ஓயாவைக் கடந்தால் காடு நெருங்குகின்றது. வீதியோரத்தில் முறிந்த கிளைகளும் யானை இலத்தியும் கிடந்தன. முதலிக்குளம் என்று தமிழரும் மொறவெவ என்று சிங்களவரும் வழங்கும் குளத்தருகே, தொலைவில் நான்கு யானைகள் நீரோரத்தில் நிற்கக் கண்டோம். கோடையில் காட்டுக் குட்டைகள் வற்றியதும் அவையும் குளத்தையே நாடுகின்றன. நீர் தேடி வரும் யானையும் நெல்லைக் காக்கும் கமக்காரனும் எதிர்ப்படும் காலம் இதுவே. குரல் எழுப்பாது, மணி அடிக்காது, நெருங்கிய வரிசையாகக் கடந்தோம். அவ்வேளை ஒரு வண்டியின் சில்லில் முள் ஏறிற்று. எஞ்சியிருந்த ஒரே ரியூப்பை மாற்றப் பிடித்த நேரம் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடமும் எவரும் உரத்துப் பேசவில்லை. பன்குளத்து வீடுகள் தோன்றியபொழுது மணி 5 ஐத் தொட்டிருந்தது.

கீழ்க்கடல்

திருகோணமலைக்கு அண்மையில் வீதியிலிருந்து சிறிது விலகினால் கன்னியா வெந்நீரூற்றுகள். ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றின் சூடும் மற்றையதிலிருந்து சிறிது வேறுபடும். நிலத்தின் ஆழத்தே சூடேறி மேலெழும் நீர் அது. இராவணன் கதையோடு ஊரார் இதனைத் தொடர்புபடுத்துவர். இளஞ்சூட்டுக் கிணற்று நீரை வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டோம். விடியல் முதல் நீரைத் தேடியும் அளந்தும் கடன் வாங்கியும் வந்த உடம்புக்கு, அளவின்றி ஊற்றிக்கொள்ளக் கிடைத்த நீர் அதுவே.

கடற்கரையை அடைந்தபொழுது மணி 6.30. சூரியன் எமக்குப் பின்னே, நாம் வந்த திசையிலுள்ள காட்டில் மறைந்துகொண்டிருந்தது. கோட்டைக்குள்ளே மேயும் புள்ளிமான்கள் சில வீதிக்கு வந்து நின்றன. கோணேசர் மலைக்கு அப்பால், கீழ்க்கடலிலிருந்து முழுநிலவு செம்மையாய் எழுந்தது. விடியலில் மேல்கடலை நோக்கி இறங்கிய அதே நிலவு. மாணவர் வண்டியோடு நீருக்குள்ளே இறங்கி, முன்சில்லை அலையில் நனைத்தார். பன்னிரண்டு வண்டிகளும் அவ்வாறே நனைந்தன.

மாணவர்க்கும் பெற்றோர்க்கும்

இத்தகைய பயணத்துக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. சாதாரண வண்டிகளே போதும். ஆனால் பிறேக், ரயர், செயின், முன்பின் விளக்குகள் ஆகியவற்றை முதல்வாரமே சோதிக்கவேண்டும். இரண்டு மாதமாவது சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டிப் பழகுதல் வேண்டும். தாகம் எடுக்குமுன் அருந்தவேண்டும். வெறும் நீர் மட்டும் போதாது, உப்பும் சேரவேண்டும். நண்பகல் 12 முதல் 2 வரை வெயிலில் மிதித்தல் ஆகாது. தலைக்கவசம் அணிதல் இன்றியமையாதது. முழுத்தூரமும் இயலாதோர், குடும்பமாக வவுனியாவிலிருந்து மடு வரை ஒரு காலைப்பொழுதில் செல்லலாம். அதுவும் கண்ணுக்குப் பெருவிருந்தே.

கூட்டத்துக்கு வேண்டிய உதிரி ரியூப்புகளை எண்ணி எடுத்துக்கொண்டபின், ஒன்று மேலதிகமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எவருக்கேனும் அது தேவைப்படும்.